நாற்பத்தாறு பேர், எட்டு குளியலறை

கேள்வி: கோவையில் பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் மனிதவளப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வரும் நவம்பர் இரண்டாம் வாரம் அலுவலகத்தில் உள்ள 46 பேரையும் இரண்டு இரவு மலைக்கு அழைத்துப் போக வேண்டும் என்று எங்கள் எம்.டி. சொல்லிவிட்டார். எங்களில் 17 பேர் பெண்கள். ஆறு பேர் பெங்களூரு கிளையிலிருந்து நேராக வருவார்கள். கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குள் இருக்கும் ஒரு பழைய தனியார் பங்களாவின் படங்களைப் பார்த்து எம்.டி. மயங்கிப் போயிருக்கிறார் (11 அறை, 8 பாத்ரூம்). வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்ததும் கிளம்பி, சனிக்கிழமை முழுக்கக் கூட்டங்கள், இரவு கேம்ப் ஃபயர், டி.ஜே., ஞாயிறு ஊட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு இரவு வீடு திரும்புவது என்று திட்டம். கொடைக்கானல் நல்லதா, கோத்தகிரி நல்லதா? பங்களா சரிப்படுமா? சில பெண்கள் "வீட்டில் விட மாட்டார்கள்" என்கிறார்கள், அவர்களை எப்படிச் சமாதானப்படுத்துவது?
— ஒரு வாசகி, கோவை

அன்புள்ள வாசகிக்கு,

எல்லாவற்றையும் விட்டுவிட்டு நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கும் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். 11 அறை, 8 பாத்ரூம். குன்னூரில் இருந்துகொண்டு பத்தொன்பது வருடமாகக் கம்பெனிக்காரர்களை மலைக்குக் கூட்டி வருவதுதான் என் பிழைப்பு. ஒரு பயணம் நன்றாக அமையுமா என்பதைக் கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்பதை வைத்து நான் சொல்வதில்லை. இரண்டாம் நாள் காலை ஏழு மணிக்கு எத்தனை பேருக்கு வெந்நீர் கிடைத்தது என்பதை வைத்துத்தான் சொல்வேன்.

கணக்குப் போடுவோம். ஒரு பாத்ரூமுக்கு ஏறக்குறைய ஆறு பேர். அதில் 25 லிட்டர் கீசர் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். பழைய பங்களாக்களில் அதுவே பெரிய விஷயம். மலையில் குழாய்த் தண்ணீர் 14, 15 டிகிரியில் வரும். கீசர் தண்ணீரை அதோடு விளாவினால் குளிக்கிற சூட்டில் இரண்டு வாளி, கூடப் போனால் இரண்டரை வாளி கிடைக்கும். சிக்கனமாகக் குளித்தால் இரண்டு பேர் குளிக்கலாம். மறுபடி தொட்டி சூடாக இரண்டு கிலோவாட் கீசருக்கு நாற்பது நிமிடம் ஆகும். அப்படியானால் ஆறு பேர் குளித்து முடிக்க ஏறத்தாழ இரண்டு மணி நேரம். எட்டு கீசரையும் ஒரே நேரத்தில் போட்டால் 16 கிலோவாட். தோட்டத்துக்குள் நீண்ட தூரம் இழுத்த மின்கம்பியில் அவ்வளவு சுமை தாங்காது. ட்ரிப் ஆகும், அல்லது வோல்டேஜ் இறங்கி எதுவுமே சூடாகாது. ஜெனரேட்டர் இருக்கிறதே என்பார்கள். பெரும்பாலும் அது லைட்டுக்கும் பிரிட்ஜுக்கும்தான். கோத்தகிரிப் பக்கம் ஒரு பங்களா காவலாளி எனக்கு ஒருமுறை சொன்னது: "சார், இங்க லைட் எரியும், தண்ணி சுடாது." அவ்வளவு நேர்மையாக முதலாளிகள் சொல்ல மாட்டார்கள்.

விறகு பாய்லர் உள்ள பங்களாவாக இருந்தால் கதையே வேறு. விடிகாலை நாலரைக்கு ஒரு ஆள் எழுந்து மூட்டிவிட்டால் வெந்நீர் வந்துகொண்டே இருக்கும். கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது கட்டில். 11 அறையில் 46 பேர் என்றால் அறைக்கு நாலு பேர். டபுள் காட் ஒன்று, தரையில் மெத்தை இரண்டு என்றுதான் போடுவார்கள். ஐந்து வருடமாகப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தாலும், ஒருவரோடு ஒரே கட்டிலில் ஒரே கம்பளிக்குள் தூங்குவது பலருக்குச் சங்கடம். வெளியே சொல்ல மாட்டார்கள், அடுத்த வருடம் "ஊரில் கல்யாணம்" என்று நழுவிவிடுவார்கள். ஆளுக்கொரு கட்டில் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். குறட்டை விடுகிறவர்களை ஒரே அறையில் போடுங்கள். அதைக் கேட்டு எழுதி வாங்க வேண்டியதில்லை, அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்துதான் இருக்கும்.

மூன்றாவது, வண்டி திரும்பும் இடம். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இந்த வேலைக்கு வந்த புதிதில் கொடைக்கானலைத் தாண்டி, பூம்பாறைக்குப் போகிற வழியில் ஒரு தனியார் பங்களாவுக்கு 38 பேரை ஒரே பெரிய பஸ்ஸில் கூட்டிப் போனேன். "லாரியே வந்து போகுதுங்க" என்றார் உரிமையாளர். வந்தது உண்மை, காய்கறி ஏற்ற வந்த மினி லாரி. எங்கள் பஸ் மண்சாலை முனையில் நின்றுவிட்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் திரும்ப முடியவில்லை. சாரல் மழையில், செல்போன் வெளிச்சத்தில், பெட்டிகளைத் தலையில் வைத்துக்கொண்டு ஒன்றரை கிலோமீட்டர் நடந்தோம். ஒரு அம்மாவுக்கு முழங்கால் வலி. அவரைச் சமையல்காரரின் ஜீப் வந்து ஏற்றிக்கொள்ளும்வரை நான் ஒரு பாறையில் அவரோடு உட்கார்ந்திருந்தேன். அவர் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆகவே நான் சொல்வது இது: அந்த பங்களாவில் தூங்காதீர்கள், பகலில் பயன்படுத்துங்கள். கோத்தகிரி ஊரிலோ குன்னூரிலோ 24 அறை தரக்கூடிய முறையான ஓட்டல் ஒன்றில் எல்லோரும் தங்கட்டும். காலை ஒன்பதரைக்கு பங்களா புல்வெளிக்குப் போய்விட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். எம்.டி. பார்த்து மயங்கிய அந்த வராந்தாவும் தேயிலைச் சரிவும் பகலில்தான் கண்ணுக்குத் தெரியும். ராத்திரி எட்டு மணிக்குப் பனிமூட்டத்துக்குள் எல்லா இடமும் ஒன்றுதான். பங்களாவுக்குப் பகல் வாடகை மட்டும் கொடுத்தால் செலவும் குறையும். மேலாளர்களை மட்டும் பங்களாவில் வைத்துவிட்டு மற்றவர்களை லாட்ஜில் போடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அதைச் செய்வதற்குப் பயணத்தையே ரத்து செய்யலாம்.

பகல் வாடகைக்கு எடுத்தாலும் காகிதங்களைப் பாருங்கள்: உள்ளாட்சி அமைப்பின் உரிமம், சுற்றுலாத் துறைப் பதிவு, அங்கேயே சமைப்பதானால் உணவுப் பாதுகாப்பு உரிமம். நகலை வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்லுங்கள். மழுப்பினால் அதுவே பதில். மலை மாவட்டங்களில் இது வெறும் சம்பிரதாயம் இல்லை. நீலகிரியில் சீகூர் பீடபூமியின் யானை வழித்தடத்தில் இருந்த விடுதிகளை மூடச் சொன்ன உத்தரவை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 14 அன்று உறுதி செய்தது. கொடைக்கானலில் அனுமதி மீறிய கட்டடங்களுக்கு நீதிமன்ற உத்தரவின்பேரில் சீல் வைத்ததை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். முன்பணம் கட்டியபின் இடத்துக்குப் பூட்டு விழுந்தால் உங்கள் பணத்தை யாரிடம் கேட்பீர்கள்?

கோத்தகிரியா கொடைக்கானலா என்பதற்கு நீளமாக யோசிக்கவே வேண்டாம். கோவையிலிருந்து கோத்தகிரி எழுபது கிலோமீட்டர் சுற்று. மேட்டுப்பாளையத்தில் டீ குடித்துவிட்டு ஏறினாலும் இரண்டரை மணி நேரம். கொடைக்கானலுக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் தூரம், போக ஒரு அரை நாள், வர ஒரு அரை நாள். மதுரையிலோ திண்டுக்கல்லிலோ அலுவலகம் இருந்திருந்தால் கொடைக்கானல் என்றிருப்பேன், இன்னும் நன்றாகச் சொன்னால் கூட்டம் குறைந்த தாண்டிக்குடி என்றிருப்பேன். உங்களுக்குக் கோத்தகிரிதான். அதற்கு இன்னொரு பெரிய காரணமும் இருக்கிறது, பெண்களைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

ஆனால் நவம்பர் வேண்டாம். நீலகிரி என்றாலே ஆடி மாதம் மழை என்று சமவெளியில் நினைத்துக்கொள்கிறார்கள். அது கூடலூர், அவலாஞ்சி பக்கத்துக் கதை. தொட்டபெட்டா மலைத்தொடர் தென்மேற்குப் பருவமழையை மறித்துக்கொள்வதால், கிழக்குச் சரிவில் இருக்கும் கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில்தான், அதாவது அக்டோபர், நவம்பரில். 2009 நவம்பர் இரண்டாம் வாரத்தில் பெய்த மழையில் குன்னூர், கோத்தகிரி, கேத்தி வட்டாரத்தில் நிலச்சரிவில் சிக்கி நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். நீங்கள் குறித்திருப்பதும் அதே வாரம். ஒவ்வொரு வருடமும் அப்படி ஆகாது. ஆனால் மரம் விழுந்து, மண் சரிந்து, மேட்டுப்பாளையம் சாலையில் நாலு மணி நேரம் நிற்பது நவம்பரில் எங்களுக்குப் புதிதில்லை. மலை ரயிலும் அந்த மாதங்களில் அடிக்கடி ரத்தாகும்.

ஜனவரி கடைசி வாரம் முதல் பிப்ரவரி வரை வாருங்கள். வானம் தெளிவாக இருக்கும், ராத்திரி நல்ல குளிர், பகலில் வெயில் இதமாக இருக்கும். டிசம்பர் கடைசியிலும் ஜனவரி தொடக்கத்திலும் வேண்டாம். விடுமுறைக் கூட்டம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அந்தச் சமயத்தில்தான் படுகர்களின் ஹெத்தை அம்மன் திருவிழா வரும். சமையல், தோட்டம், வண்டி என்று எல்லா வேலையிலும் படுக மக்கள் இருக்கிற ஊர் இது. அவர்கள் பண்டிகை நாளில் அவர்களை உங்களுக்குப் பரிமாறச் சொல்வது நன்றாக இருக்காது, வரவும் மாட்டார்கள்.

இப்போது, உங்கள் எம்.டி.க்குப் பிடிக்காத விஷயம். வெள்ளி, சனி, ஞாயிறு வேண்டாம். வியாழன் காலை கிளம்பி சனி மதியம் திரும்புங்கள். வேலை நாளில் கூட்டிப் போங்கள், அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்ளாதீர்கள். "உங்களுக்காகத்தானே செலவு செய்கிறோம்" என்று கம்பெனி நினைக்கும். வாரத்துக்கு ஒரு நாள் துணி துவைத்து, பிள்ளையோடு உட்கார்ந்து, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறவருக்கு, அந்த ஒரு நாளில் ஊட்டி போட் ஹவுஸில் வரிசையில் நிற்பது பரிசு இல்லை. திங்கட்கிழமை எல்லோரும் செத்த முகத்தோடு வந்து உட்கார்வார்கள், பயணம் எப்படி இருந்தது என்று கேட்டால் "சூப்பர் சார்" என்பார்கள். வேலை நாள் என்றால் ஓட்டல் வாடகையும் இறங்கும், மலைப்பாதையும் காலியாக இருக்கும். நான் பார்த்தவரையில் வேலை நாளில் வந்த குழுக்கள்தான் சிரித்தபடி இறங்கிப் போயிருக்கின்றன.

வெள்ளி மாலை கிளம்புவதில் இன்னொரு சிக்கல் இருட்டு. கோத்தகிரி சாலையில் குஞ்சப்பனை பக்கம் யானை நடமாட்டம் உண்டு. ராத்திரி ஒன்பது மணிக்கு நாலு வண்டி வரிசையாக யானைக்காக நின்றுகொண்டிருப்பதைக் குழுப் பயணத்தின் அனுபவம் என்று எழுதிக்கொள்ளலாம்தான். எனக்கு அதில் விருப்பமில்லை.

வண்டி: பெரிய பஸ் வேண்டாம். பதினெட்டு இருக்கை வேன் மூன்று போதும். மலை ஓட்டிப் பழகிய டிரைவர்தான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும், எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும். இது தெரியாத டிரைவர் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்து பாதியில் தீய்ந்த வாசனையோடு நிறுத்துவார். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்துவிட்டது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு. 2025 கோடையில் நீலகிரிக்கு வேலை நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பும் வைத்தார்கள். கொடைக்கானலுக்கு அது 4,000, 6,000. ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். டிராவல்ஸ்காரர் கடைசி நேரத்தில் வண்டியை மாற்றினால் இ-பாஸும் மாற வேண்டும், அதை அவர் பொறுப்பில் விடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் சோதனைச் சாவடியிலேயே பிடுங்கப்படும். ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டில் என்று கம்பெனி பெயர் போட்டுக் கொடுத்துவிடுங்கள், நினைவுப் பரிசுச் செலவும் அதிலேயே முடிந்தது.

பெங்களூருக்காரர்கள் ஆறு பேரும் இரவு காரில் வருகிறோம் என்பார்கள். பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும், திம்பம் பாதையிலும் இரவுக் கட்டுப்பாடு உண்டு. மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அதில் வெளியூர் வண்டியை இறங்கவே விட மாட்டார்கள். பேசாமல் இரவு ரயிலில் கோவைக்கு வந்து, உங்களோடு சேர்ந்து வேனில் ஏறட்டும். முதல் இரண்டரை மணி நேரம் வேனுக்குள் தனித்தனிக் கூட்டமாக இல்லாமல் கலந்து உட்காரவும் அது உதவும்.

வாந்தி வருகிறவர்கள் எல்லாக் குழுவிலும் நாலைந்து பேர் உண்டு. வெறும் வயிற்றோடும் வேண்டாம், மேட்டுப்பாளையத்தில் பூரி கிழங்கும் வேண்டாம். இரண்டு இட்லி, முன் இருக்கை. மாத்திரை போடுகிறவர் மலை ஏறத் தொடங்கும் முன், சமவெளியிலேயே போட்டுவிட வேண்டும். எலுமிச்சம்பழம் முகர்ந்தால் நிற்குமா என்று கேட்காதீர்கள், கையில் ஒன்று இருந்தால் தைரியம்.

சரி, நிகழ்ச்சிக்கு வருவோம். கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய நிகழ்ச்சித் தாளில் சனிக்கிழமைக்கு எட்டுக் கூட்டங்கள் பார்த்தேன். எட்டையும் ஒன்றாக்குங்கள். வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரை, புல்வெளியில், வெயில் இருக்கும்போது. நடுவில் ஒரு டீ. அதில் முதல் ஒன்றரை மணி நேரம் எம்.டி. அங்கே இருக்கக் கூடாது. அவர் கண்ணேரிமுக்கு போய்வரட்டும், கோத்தகிரியிலிருந்து பக்கம்தான். நீலகிரியில் முதல் ஆங்கிலேயக் குடியிருப்பை அமைத்த ஜான் சல்லிவன் 1819-இல் கட்டிய வீடு அங்கே அருங்காட்சியகமாக இருக்கிறது, பார்க்க வேண்டிய இடம். எம்.டி. இல்லாத நேரத்தில் ஊழியர்கள் பேசட்டும். என்ன பேசுவது என்பதைக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே பெயரில்லாத சீட்டில் வாங்கிவையுங்கள். ஒரே கேள்வி போதும்: "உங்கள் வேலையில் எது தேவையில்லாமல் தாமதமாகிறது?" சீட்டுகளைப் படித்து மூன்று விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். அவர் திரும்பி வந்ததும் அந்த மூன்றையும் அவர்முன் வைக்கலாம். பவர்பாயிண்ட் வேண்டாம். அதை கோவையிலேயே பார்க்கலாம், மின்சாரமும் அங்கே நன்றாக இருக்கும்.

மதியத்துக்கு மேல் எதையும் வைக்காதீர்கள். மலைக்கு வந்துவிட்டு மூன்று மணிக்கு மூட்டம் இறங்குவதைச் சும்மா உட்கார்ந்து பார்க்காமல் போவதற்கு எதற்கு இவ்வளவு டீசல்? தூங்குகிறவர் தூங்கட்டும். போக நினைக்கிறவர்களுக்கு ஒரு வேன் கொடநாடு காட்சிமுனைக்குப் போகட்டும், பதினெட்டு கிலோமீட்டர்தான், மாயாறு பள்ளத்தாக்கு கீழே விரிந்து கிடக்கும். இன்னொன்று தேயிலைத் தொழிற்சாலைக்குப் போகலாம். உங்கள் ஆட்கள் பம்ப் செய்கிறவர்கள், இலை உலர்த்துகிற தொட்டியையும் காற்று ஊதுகிற விசிறியையும் பார்த்துவிட்டு அரை மணி நேரம் விவாதிப்பார்கள். தோட்டத்திலிருந்து "அப்படியே காட்டுக்குள்ள ஒரு நடை" என்று பங்களா ஆள் கூப்பிட்டால் போகாதீர்கள். அனுமதியில்லாமல் காப்புக்காட்டில் நுழைவது குற்றம். 2018-இல் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் இறந்ததற்குப் பிறகு இதில் கண்டிப்பு அதிகம். நடக்க ஆசையிருந்தால் வனத்துறையே 2024 அக்டோபரில் 40 பாதைகளை இணையப் பதிவோடு திறந்திருக்கிறது. கோத்தகிரியின் லாங்வுட் சோலையும் அதில் உண்டு. கண்ணைக் கட்டிக்கொண்டு பின்னால் விழுவது, பலூன் உடைப்பது போன்ற விளையாட்டுகளைச் செய்தே ஆக வேண்டுமென்றால் விருப்பமுள்ளவர்களோடு நிறுத்துங்கள். நாற்பத்தைந்து வயதுக் கணக்காளரை இசை நாற்காலி ஓடச் சொல்வது எந்தக் குழு உணர்வை வளர்க்கும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

உண்மையில் ஆட்களைக் கலக்க வைத்த ஒன்றைச் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு குழுவுக்குப் படுகச் சமையல் ஏற்பாடு செய்திருந்தேன். சமைக்க வந்த அம்மாக்கள் இரண்டு பேர்தான், அவரைக்காயோ ஒரு மூட்டை. "இத உரிச்சா ராத்திரிதான் சோறு" என்றார்கள். வேறு வழியில்லாமல் எல்லோரும் வராந்தாவில் வட்டமாக உட்கார்ந்து உரித்தார்கள். கை வேலையில் இருந்தால் வாய் தானாகத் திறக்கும் போல. ஸ்டோர் கீப்பரும் டிசைன் பிரிவுத் தலைவரும் ஒருவர் ஊர் ஒருவருக்குத் தெரிந்து, உறவுமுறை கண்டுபிடித்து, மாமன் மச்சான் ஆகிவிட்டார்கள். அதற்கு முன் நான் வைத்திருந்த இரண்டு மணி நேர விளையாட்டில் அந்த இருவரும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. இப்போதெல்லாம் நானே வேண்டுமென்று உரிக்காத அவரையை வாங்கிவைக்கிறேன்.

சாப்பாட்டைப் பற்றி: கோவையிலிருந்து சமையல் ஆளைக் கூட்டிவர வேண்டாம், உள்ளூர் ஆளே வேண்டும். 1,800 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், அண்டாவில் போட்ட பருப்பு லேசில் வேகாது. குளிரில் இட்லி மாவும் புளிக்காது. சமவெளிச் சமையல்காரர் இதற்குள் நேரக்கணக்கைத் தவறவிட்டுவிடுவார், இரண்டு மணிக்கு எல்லோரும் வர்க்கியைக் கடித்துக்கொண்டு நிற்பீர்கள்.

கேம்ப் ஃபயர் பிப்ரவரியில் கூடாது. காய்ந்த மாதம், ஒரு பொறி போதும். ஓட்டல் வளாகத்துக்குள் அதற்கென்று கட்டிய இடத்தில் அவர்களே மூட்டுவதானால் சரி. டி.ஜே.க்கு இரவு பத்து மணி எல்லை, 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி காலை ஆறு வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. தேயிலைச் சரிவில் பாட்டுச் சத்தம் எதிர் மலைவரை கேட்கும். உங்கள் அந்தாக்ஷரி அதைவிட நன்றாக இருக்கும். மது விஷயத்தில் சுருக்கமாக: பார் உரிமம் இல்லாத பங்களாவில் பரிமாற முடியாது, கம்பெனிப் பணத்தில் வாங்கித் தரவும் வேண்டாம். நடப்பது எதுவானாலும் நாளைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். குளிருக்காகவோ பார்பெக்யூ மிச்சமாகவோ கரி அடுப்பை யாரும் அறைக்குள் கொண்டுபோகக் கூடாது. ஜன்னலைச் சாத்திய அறையில் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போகும். எங்கள் மலைகளில் அப்படிப் போனவர்கள் உண்டு. முதல் நாள் மாலையே எல்லோர் முன்னாலும் இதைச் சொல்லுங்கள். கூடவே இன்னொன்றும்: ஆறரை மணிக்கு மேல் தோட்டப் பாதையில் யாரும் தனியாக நடக்கக் கூடாது. காட்டெருமை தேயிலைக்கு நடுவே நிற்பது இருட்டில் தெரியாது. மிச்ச உணவை வெளியே வைத்தால் கரடி வரும். கோத்தகிரிக் கரடிகளுக்கு எண்ணெய் வாசனை ரொம்பப் பிடிக்கும், கோவில் விளக்கு எண்ணெயையே விடாதவை.

பெண்களை எப்படிச் சமாதானப்படுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். சமாதானப்படுத்தாதீர்கள். வராதவர்களை வைத்து உங்கள் ஏற்பாட்டைச் சோதித்துப் பாருங்கள். "வீட்டில் விட மாட்டார்கள்" என்பதற்குப் பின்னால் பல விஷயம் இருக்கும். பால் குடிக்கிற குழந்தை, மாதவிடாய் நாள், போன வருடம் யாரோ குடித்துவிட்டு நடந்துகொண்ட விதம், அறையில் யாரோடு போடுவார்களோ என்ற பயம். அறைப் பட்டியலைக் கிளம்புவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள், யாரோடு தங்குவது என்று அவர்களே சொல்லட்டும். பெண்களுக்கு ஒரே தளத்தில், இணைந்த குளியலறையோடு அறைகள். வீட்டார் கூப்பிட்டுப் பேச ஓட்டலின் தொலைபேசி எண்ணும் உங்கள் எண்ணும். இதற்கு மேலும் இரவு தங்க முடியாதவர்களுக்குத்தான் கோத்தகிரி என்றேன்: வெள்ளி காலை ஆறரைக்கு ஒரு கார் கோவையிலிருந்து கிளம்பினால் கூட்டத்துக்கு வந்துவிடலாம், சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கு இறங்கினால் இருட்டுவதற்குள் வீடு. கொடைக்கானலில் இது நடக்காது. வரவே முடியாதவருக்கு அந்த நாட்களை விடுப்பாகக் கழிக்காதீர்கள்.

உங்கள் எம்.டி.க்கும் மேலாளர்களுக்கும் இன்னொன்று நினைவூட்டுங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில், வேலையின் பொருட்டுப் போகிற இடமும் கம்பெனி ஏற்பாடு செய்த வண்டியும்கூடப் பணியிடம்தான். கோத்தகிரி புல்வெளியும் அலுவலகம், வேனின் கடைசி இருக்கையும் அலுவலகம். அப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கும் உங்கள் கம்பெனியின் உள்ளகக் குழுவில் இருக்கும் ஒருவராவது கூட வர வேண்டும், அவர் யார் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பணக் கணக்கில் இரண்டு வார்த்தை. அறை வாடகை நாளுக்கு 7,500 ரூபாய் வரை இருந்தால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. "முழு இடத்துக்கும் ஒரே தொகை" என்று பில் போட்டால் இந்த வரம்பு எப்படிக் கணக்காகும் என்று உங்கள் ஆடிட்டரை முன்பணம் கட்டும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: சாலை மூடப்பட்டாலோ, இ-பாஸ் கிடைக்காவிட்டாலோ, மாவட்ட நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தாலோ முன்பணம் திரும்ப வரும், அல்லது வேறு தேதிக்கு மாறும். "அதெல்லாம் பாத்துக்கலாங்க" என்பது ஒப்பந்தம் ஆகாது.

இவ்வளவும் முடிவானபின் நீங்களும் இன்னொருவரும் போய் அந்த ஓட்டலில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வாருங்கள். காலை ஏழு மணிக்கு உங்கள் தளத்தில் எத்தனை குழாயைத் திறக்க விடுகிறார்களோ அத்தனையையும் திறந்துவிட்டு, கடைசி அறைக் குழாயில் கையை வையுங்கள். பங்களாவுக்கு வேனிலேயே போய், உங்கள் கண்முன் வண்டியைத் திருப்பச் சொல்லுங்கள். எந்த கம்பெனியின் சிம் அங்கே எடுக்கிறது என்று பாருங்கள். கோத்தகிரி அரசு மருத்துவமனைக்கு அங்கிருந்து எத்தனை நிமிடம் என்று ஓட்டிப் பாருங்கள்.

வியாழக்கிழமை என்று சொன்னதும் எம்.டி.யின் முகம் மாறும். வாயைத் திறக்கும் முன் வார இறுதி வாடகையையும் வேலை நாள் வாடகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிய தாளை மேசையில் வையுங்கள். பம்ப் விற்கிறவர், கீழே இருக்கும் எண்ணைத்தான் முதலில் பார்ப்பார்.